குறுக்குக்கோடு போட்ட முட்டை

என் வழியனுப்பு விழாவுக்கு வந்திருந்தவர்கள் பதினோரு பேர். மருந்து கொடுக்கும் ராமமூர்த்தி அண்ணன், கிராம செவிலியர்கள் நான்கு பேர், பிரசவ அறை செவிலியர்கள் இருவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பெருக்கித் துடைக்கும் முனியம்மாக்கா, இப்போதைய மருத்துவர், என் இடத்துக்கு வந்திருக்கும் சந்தியா. வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டர் ஷீலா. மாற்றலாகித் தெற்கே போய் ஐந்து வருடம் ஆகிறது. இன்னொருவர் மாதம்மாள். அவரை யாரும் அழைக்கவில்லை. அழைத்திருக்க வேண்டியவன் நான்தான்.

எனக்கு வயது முப்பத்தொன்று. பொன்னாடை போர்த்தும் வயதில்லை. எட்டு வருடம் ஒப்பந்தத்தில் லேப் டெக்னீசியனாக இருந்துவிட்டு, குரூப் ஃபோர் தேர்வில் தேறித் தாலுகா ஆபீசுக்குப் போகிறேன். ஆனாலும் ராமமூர்த்தி அண்ணன் விடவில்லை. “ரிட்டயர்டு ஆனவரு ரெண்டு வார்த்தை பேசணும்” என்று மைக்கை நீட்டினார். நான் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பிறகு சந்தியா பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, இப்ப மெஷின்ல ரத்த டியூப வெச்சா இருவது அளவு தானா வந்து விழுது. வந்தவங்க மொகத்தக்கூட நான் பாக்கறதில்ல. மெஷின் இல்லாத காலத்துல நீங்க என்னதான் பண்ணீங்க? எழுதிக் குடுங்களேன்.”

அதற்காக எழுதுகிறேன். எட்டு வருடத்தையும் எழுத முடியாது. ஒரு கர்ப்பிணியைப் பற்றியும், நான் அச்சடித்த ஒரு படத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டியவர். அம்மா தக்காளி பறிக்கப் போனவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். ஏழு வயதிலேயே பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் பெயர்ப்பலகை படித்துச் சொல்லும் வேலை எனக்கு. பலகையில் ‘மாரண்டஹள்ளி’ என்று இருந்தால் அந்தப் பஸ் மாரண்டஹள்ளிக்குத்தான் போகும், ஒருநாளும் தப்பியதில்லை. எழுத்தில் இருப்பது உண்மை, அச்சில் இருப்பது அதைவிட உண்மை என்று எனக்குள் ஊறிப்போனது அப்படித்தான். பிளஸ் டூ, தர்மபுரியில் இரண்டு வருட டிப்ளமா, ஒரு வருடம் தனியார் லேப், பிறகு இந்த வேலை. மாரண்டஹள்ளியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊரின் ஆரம்ப சுகாதார நிலையம். ஊரின் பெயர் வேண்டாம். தவறு என்னுடையது, ஊருடையது அல்ல.

செவ்வாய்க்கிழமைதான் கர்ப்பிணிகள் நாள். நாற்பது, ஐம்பது பேர் வருவார்கள். நான் சேர்ந்தபோது ரத்தத்தின் அளவைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சந்தியாவுக்காக அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இடது கை மோதிர விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது காயும்வரை பொறுக்க வேண்டும். காய்வதற்குள் குத்தினால் எரியும். முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். இரண்டாவது சொட்டு தானாகத் திரள வேண்டும். அவசரப்பட்டு விரலைப் பிழிந்தால் சதையில் உள்ள நீரும் சேர்ந்து வந்து அளவைக் குறைத்துக் காட்டிவிடும். அந்தச் சொட்டை உறிஞ்சி, அமிலம் விட்ட சின்னக் கண்ணாடிக் குழாயில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் கடுங்காப்பி நிறத்துக்கு வரும். அதில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போய், பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறமும் இதன் நிறமும் ஒன்றாகும் இடத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும்.

அந்தப் பத்து நிமிடத்தில் பெண்கள் பேசுவார்கள். “எத்தினி பாயிண்ட் சார்?” என்பதுதான் முதல் கேள்வி. பரீட்சை ரிசல்ட் மாதிரி கேட்பார்கள். பதினொன்று என்றால் சிரிப்பு. எட்டு என்றால் மாமியார் முகத்தைப் பார்ப்பார்கள்.

டாக்டர் ஷீலா நாகர்கோவில் பக்கத்துக்காரர். என்னைவிட மூன்று வயது பெரியவர். அவர் மேசையில் ஸ்டெதாஸ்கோப்போடு ஒரு குழம்புக் கரண்டியும் ஒரு கிண்ணமும் ஒரு டம்ளரும் எப்போதும் இருக்கும். மூன்றும் மாரண்டஹள்ளிச் சந்தையில் வாங்கியவை. வந்த புதிதில் ராமமூர்த்தி அண்ணன் அவற்றைப் பார்த்துவிட்டு, “மேடம் இங்கயே சமைக்கப் போறாங்க போல” என்றார்.

அவை எதற்கென்று முதல் செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது. டாக்டர் ஒருநாளும் “நல்லா சாப்பிடறீங்களா?” என்று கேட்டதில்லை. “அப்படிக் கேட்டா ‘சாப்பிடறேங்க’ன்னுதான் சொல்லுவாங்க. என்னைக் கேட்டா நானும் அதத்தான் சொல்லுவேன்” என்பார். அவர் கேட்பது, “நேத்து விடிஞ்சதும் வாயில முதல்ல போனது என்ன?” பதில் வந்ததும், “அப்புறம்?” மறுபடியும், “அப்புறம்?” ராத்திரி பாயில் படுக்கும்வரை கூட்டிக்கொண்டு போவார். குழம்பு என்றால், “இந்தக் கரண்டில எத்தனை?” பொரியல் என்றால், “இந்தக் கிண்ணத்துல எதுவரைக்கும்?” அதுவரை பேனா மூடியே இருக்கும். பேனாவைத் திறந்த உடனே பெண்கள் சரியான விடையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்தப் பெண் எழுந்து போன பிறகுதான் எழுதுவார்.

கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். “சரி” என்பார். அந்தச் ‘சரி’யில் மூன்று வகை உண்டு. மூன்றாவது வகை வந்தால் முனியம்மாக்கா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவார்.

என் மூன்றாவது வருடத்தில் டாக்டர் இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் ஒன்றைச் செய்து அவரை அசத்த நினைத்தேன். ‘கர்ப்பிணிகளுக்கான பாதுகாப்பான உணவு’ என்று தலைப்பு வைத்து, புத்தகங்களில் தேடி, நானே ஒரு பட்டியல் தயாரித்தேன். பாலக்கோட்டில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் சொந்தப் பணத்தில் நான்கடிக்கு மூன்றடி. பச்சைப் பக்கம், சாப்பிட வேண்டியவை: ஆப்பிள், மாதுளை, ஆரஞ்சு, பேரீச்சை, பாதாம். படங்கள் நெட்டிலிருந்து எடுத்தவை. ராகிக் களிக்கும் தேடினேன். கிடைத்த படம் கறுப்பு உருண்டையாக, பார்க்க நன்றாக இல்லை. விட்டுவிட்டேன்.

சிவப்புப் பக்கம், தவிர்க்க வேண்டியவை: பச்சை முட்டை, கழுவாத கீரை, காய்ச்சாத பால், சரியாக வேகாத மீனும் கறியும். எல்லாம் உண்மை. பச்சை முட்டையிலும் வேகாத கறியிலும் உள்ள கிருமி கர்ப்பிணியைப் படுத்திவிடும். எங்கள் பக்கம் தக்காளிக்கும் கீரைக்கும் மருந்தடிப்பது அதிகம். கழுவாமல் தின்னக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பெரிய படம், படத்தின் மேல் சிவப்பில் குறுக்குக்கோடு. ‘பச்சையாக’, ‘கழுவாமல்’, ‘காய்ச்சாமல்’ என்ற சொற்கள் படத்துக்கு அடியில். கடைக்காரர், “எழுத்து சின்னதா இருந்தாத்தான் சார் படம் எடுப்பா இருக்கும்” என்றார். சரி என்றேன். அம்மாவை அழைத்து வந்து காட்டினேன். “அந்த ஆப்பிளு நெசம் மாதிரியே இருக்குதுடா” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்டர் திரும்பி வந்து அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். “கலர் நல்லாருக்கு. இத்தனை ‘வேண்டாம்’ எதுக்கு, செல்வம்?”

“எல்லாம் சரியான தகவல்தான் மேடம்.”

ஒவ்வொரு வரியாகப் படித்தார். தவறு எதுவும் இல்லை. “சரி” என்றார். முதல் வகைச் ‘சரி’.

கலைவாணி அப்போது நான்காம் மாதம். இருபத்திரண்டு வயது, பத்தாவது படித்தவள். கணவன் கோவிந்தன் பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிறவன். அவர்களுடைய முதல் பிள்ளை எட்டாம் மாதத்திலேயே பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. “ரத்தமில்லாத ஒடம்பு” என்று யாரோ அப்போது சொன்ன வார்த்தை அந்த வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் இந்த முறை மாமியார் மாதம்மாள் ஒரு செவ்வாய்க்கிழமையைக்கூட விடாமல் கூடவே வருவார். நான் விரலைக் குத்தும்போது கலைவாணி கண்ணை மூடிக்கொள்வாள். மாமியார் குழாயையே பார்ப்பார். இந்தப் பிள்ளையாவது நிற்க வேண்டும், பெற்றவளும் பிழைக்க வேண்டும். அவர்கள் எங்களிடம் கேட்டது அவ்வளவுதான்.

நான்காம் மாதம் ஒன்பது புள்ளி எட்டு. ஐந்தாம் மாதம் ஒன்பது புள்ளி ஒன்று. ஆறாம் மாதம் எட்டு புள்ளி மூன்று. மாத்திரை கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். ஏழாம் மாதம் ஏழு புள்ளி ஆறு.

நம்ப முடியாமல் வேறு விரலில் குத்தினேன். அதே அளவு. குழாயைக் கழுவி, புது அமிலம் விட்டு, மூன்றாவது முறையும் பார்த்தேன். மாதம்மாள், “என்ன சார், மூணு வாட்டி?” என்றார். நான் “மெஷின் சரியில்லீங்க” என்று பொய் சொன்னேன். அந்த அறையில் மெஷினே கிடையாது.

சீட்டோடு நானே டாக்டரின் அறைக்குப் போனேன். மாதம்மாள் மாத்திரை வாங்க ராமமூர்த்தி அண்ணனின் ஜன்னலுக்குப் போயிருந்தார். டாக்டரும் அப்போது ஐந்தாம் மாதம். நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருப்பார். கலைவாணியை உட்காரச் சொல்லி, பேனாவை மூடி வைத்தார்.

“நேத்து விடிஞ்சதும் முதல்ல என்ன?”

“டீங்க. அதோட மாத்திர.”

“அப்புறம்?”

“பிரட்டு ரெண்டு.”

“அப்புறம்?”

“பத்து மணிக்கு மாதுள கால்வாசிங்க. மத்தியானம் ரசஞ்சோறு. சாயந்திரம் பாதாம்பருப்பு நாலு. ராத்திரியும் ரசஞ்சோறுதாங்க.”

“களி?”

“கனமான சாப்பாடு வேணாம்னு அத்த நிறுத்திட்டாங்க.”

“முட்டை?”

கலைவாணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

“சார்தான் வேணாம்னு போட்டிருக்காருங்களே.”

அந்த அறையின் கதவு வழியாகப் பார்த்தால் நேர் எதிரே என் ஃபிளெக்ஸ். நாங்கள் மூவரும் பார்த்தோம். முட்டையின் மேல் குறுக்குக்கோடு. கீரைக்கட்டின் மேல் குறுக்குக்கோடு. பால் டம்ளர், மீன், கறி, எல்லாவற்றின் மேலும் முழு நீளத்துக்குக் குறுக்குக்கோடு. ஆறு அடி தள்ளி நின்று பார்த்தால் அடியில் இருந்த சொற்கள் எறும்பு வரிசை போலத்தான் தெரிந்தன.

“நீ படிச்ச பொண்ணுதானே? கீழ எழுதியிருக்கறதைப் பார்க்கலையா?” என்று டாக்டர் கேட்டார்.

“சின்ன எழுத்துல என்னமோ இருந்துச்சுங்க மேடம். கோடு பெருசா இருந்துச்சு.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: “மொத புள்ள அப்படி ஆயிருச்சு. எதுக்கு வம்புன்னு அத்த சொன்னாங்க. எனக்கும் பயம்தாங்க.”

டாக்டர் “சரி” என்றார். வெளியே விளக்குமாற்றின் சத்தம் கொல்லைப்புறம் நோக்கிப் போனது.

இரும்புச்சத்து ஊசிக்குப் பாலக்கோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றே சீட்டு எழுதினார். சாப்பாடு மட்டும் இந்த அளவைத் தூக்காது, ஊசி வேண்டும். ஊசி மட்டும் போட்டு வயிற்றைக் காயப்போட்டாலும் பிள்ளை வளராது என்று கலைவாணிக்குப் பொறுமையாகச் சொன்னார். மாத்திரையை டீயோடு போடக் கூடாது, டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சைத் தண்ணீரோடு போடலாம் என்றார். அவள் போனதும் என்னைப் பார்த்தார்.

“அதைக் கழட்டுங்க.”

ஏணி போட்டுக் கழற்றினேன். வரிசையில் இருந்த பெண்கள், “ஏன் சார் எடுக்கறீங்க, நல்லா இருந்துச்சே” என்றார்கள். சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

“இது கழன்டுடுச்சு. அவங்க வீட்டுல மாட்டியிருக்கறத யார் கழட்டுவா? நாளைக்குப் போயிட்டு வாங்க. பிரசங்கம் வேண்டாம். நேத்து என்ன சாப்பிட்டாங்கன்னு மட்டும் கேளுங்க.”

மறுநாள் மத்தியானம் போனேன். சிமெண்டு ஷீட் போட்ட வீடு. பின்னால் முருங்கை மரம். தண்ணீர்க் குழாயடியில் விதைக்காமலே முளைத்த பண்ணைக்கீரை முழங்கால் உயரம் நின்றது. கோழி அடைக்கும் பஞ்சாரம் கவிழ்ந்து கிடக்க, அதன்மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது.

“அட, படம் போட்ட சாரு! வூடு தேடி வந்திருக்காரு பாரு. கோவிந்தா, சேரு எடுத்துப் போடு!” மாதம்மாளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுப்புக்கு மேலே சுவரில் என் படம் ஒட்டியிருந்தது. கோவிந்தன் கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கி செல்போனில் எடுத்து, மாரண்டஹள்ளியில் கலர் பிரிண்ட் போட்டிருந்தான். பிரிண்டில் சின்ன எழுத்துகள் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் மட்டும் இருந்தது. அலமாரியில் ஒரு வெள்ளைத்துணி. மாதம்மாள் அதை விரித்துக் காட்டினார். உள்ளே பாதி மாதுளை.

“நாலாப் பங்கு போட்டு நாளுக்கு ஒண்ணு குடுக்கறேன் சார். வேற யாரும் தொடறதில்ல. இவன் ஒருநா தோலத் தின்னு பாத்தான்.”

“கசக்குதுங்க சார்” என்றான் கோவிந்தன்.

“கோழி இருந்ததுங்களா?” என்று கேட்டேன்.

“ஆறு இருந்துச்சு. எல்லாம் முட்ட வெக்கற கோழி. இவ முட்ட திங்கக்கூடாதுன்னு ஆச்சு, அப்பறம் அது எதுக்கு? பழத்துக்குக் காசும் ஆவுமேன்னு சந்தைல குடுத்துட்டேன்.”

அவர்களிடம் முன்பே ஒரு பட்டியல் இருந்தது: பப்பாளி, அன்னாசி, எள், கத்தரிக்காய், ராத்திரியில் கீரை, சூடு என்று வெல்லம், செரிக்காது என்று அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு. அதன்மேல் என் பட்டியலும் போய் உட்கார்ந்தது. இரண்டையும் மதித்து நடந்தால் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு மிஞ்சுவது ரசஞ்சோறுதான். அந்த வீட்டில் யாரும் கலைவாணியைப் பட்டினி போடவில்லை. எல்லாரும் சேர்ந்து அவளை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

“அம்மா, தப்பு என்னோடதுங்க. முட்டை குடுக்கலாம். நல்லா வேகவெச்சுக் குடுக்கணும், அவ்வளவுதான். கீரைய மூணு தண்ணி ஊத்திக் கழுவிட்டு ஆக்கிக் குடுங்க. களியும் குடுங்க, நெலக்கடலையும் குடுங்க. மாதுள இல்லாட்டியும் பரவால்ல.”

மாதம்மாளின் முகம் மாறியது. துணியை மறுபடியும் மடித்தார்.

“சார், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எங்க கையில காசில்லன்னு பாத்துட்டு எறக்கிச் சொல்றீங்களா?”

“ஐயோ, இல்லீங்க.”

“களியும் கீரையும் நாங்க எப்பவும் திங்கறதுதான். அதத் தின்னுதானே மொத புள்ள போச்சு? காசுக்காரங்களுக்கு மாதுள, எங்களுக்குக் களியா? ஆடு ரெண்டு நிக்குது சார். வேணும்னா அதையும் வித்துடறேன். இன்னும் என்ன வாங்கணும்னு சொல்லுங்க.”

புரதம், இரும்பு என்று ஆரம்பித்தேன். பிரசங்கம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னது பாதியில்தான் நினைவுக்கு வந்தது. மாதம்மாள் சுவரைக் காட்டினார். “செவுத்துல போட்டதும் நீங்க, வாயால சொல்றதும் நீங்க. நான் எத நம்பறது?”

கலைவாணி கதவோரம் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்ததை அந்த வெளிச்சத்தில்தான் சரியாகப் பார்த்தேன்.

மாதம்மாளே வழி சொன்னார். “உங்க டாக்டரம்மாவும் மாசமாத்தானே இருக்கறாங்க? அவங்க என்ன திங்கறாங்கன்னு கேளுங்க. அதையே இவளுக்கும் குடுத்துடறேன்.”

போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “மேடம், மாதம்மாள் வீட்டுல இருக்கேன். ஒண்ணு கேக்கணுமாம்… நேத்து விடிஞ்சதும் முதல்ல நீங்க என்ன சாப்பிட்டீங்க?”

பொய் சொல்ல அவருக்கு வராது.

“நேத்தா… டீ. அப்புறம் இட்லி ரெண்டு.”

“அப்புறம்?” என்றார் மாதம்மாள், போனுக்குப் பக்கத்தில் குனிந்து.

“பதினோரு மணிக்கு டீ. மத்தியானம்… கூட்டம் அதிகம். பிஸ்கட்.”

“அப்புறம்?”

“சாயந்திரம் டீ. ராத்திரி அசதியா இருந்தது. தயிர்சாதம் கொஞ்சம்.”

“அட என்னம்மா இது!” மாதம்மாள் போனை என் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டார். “வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டு மூணு டீயும் பிஸ்கோத்துமா? ஊருக்கெல்லாம் கரண்டிய வெச்சு அளக்கறீங்க, உங்களுக்கு யாரு அளக்கறது? படிச்சவங்க பண்ற வேலயா இது?”

“எனக்கு இங்க ஆக்கிப்போட ஆளில்லம்மா” என்றது டாக்டரின் குரல். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. “வீட்டுக்காரர் மெட்ராஸ்ல இருக்கார். ஒரு வாய் களியும், கீரையும், ஒரு முட்டையும் யாராவது ஆக்கிக் குடுத்தா இப்பவே உக்காந்து தின்பேன். உங்க மருமகளுக்கு நீங்க இருக்கீங்க.”

மாதம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், அதில் டாக்டரின் முகம் தெரியும் என்பதுபோல. பிறகு கோவிந்தனிடம் சொன்னார்: “பக்கத்து வூட்டுல போயி ரெண்டு முட்ட வாங்கிட்டு வா.”

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் ஒரு கூடையோடு வந்தார். இரண்டு தூக்குப் போசி. இரண்டிலும் ராகிக் களி, பண்ணைக்கீரைக் கடைசல், அவித்த முட்டை. ஒன்று மருமகளுக்கு. ஒன்று டாக்டருக்கு. ஐம்பது பெண்கள் வரிசையில் உட்கார்ந்து பார்க்க, டாக்டர் கை கழுவி வந்து கலைவாணிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். முட்டையை உடைத்து நடுவில் இருந்த மஞ்சளைத் தூக்கிக் காட்டினார். “பாருங்க, கெட்டியா இருக்கு. இப்படித்தான் வேகணும். வழவழன்னு இருந்தா சாப்பிடாதீங்க.” களியை நாகர்கோவில்காரர் மென்றார். வரிசை முழுக்கச் சிரித்தது.

“முழுங்கணும்மா, மெல்லக்கூடாது” என்றார் மாதம்மாள். “மெட்ராஸ்காரரக் கட்டினா இதெல்லாம் எங்க தெரியும்?”

சிரிப்புக்கு நடுவில் ஒரு பெண் மெல்ல, “அப்ப முட்ட திங்கலாமுங்களா?” என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்படிக் கேட்டவர்கள் அன்றைக்கு நான்கு பேர். நான்கு பேரின் சீட்டையும் எடுத்துப் பார்த்தேன். நான்கு சீட்டிலும் கடந்த இரண்டு மாதத்தில் அளவு இறங்கியிருந்தது. என் கையெழுத்தில்தான் இருந்தது. ஒவ்வொன்றாக எழுதியவனுக்குச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சுவரில் நான் எதையும் மாட்டவில்லை. கர்ப்பிணிகளை மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னோம். பத்து நிமிடம் குழாயில் நிறம் மாறக் காத்திருக்கும்போது நானும் “நேத்து முதல்ல என்ன?” என்று கேட்கப் பழகினேன். டப்பாவைத் திறந்து காட்டுவார்கள். “இதுல கீரை சேர்த்துக்கலாம்”, “இந்தச் சாம்பாருக்கு இன்னும் ரெண்டு கரண்டி பருப்பு”, அவ்வளவுதான் சொல்வேன். ‘வேண்டாம்’ என்று ஒன்று சொல்ல நேர்ந்தால், அதற்குப் பதில் அவர்கள் வீட்டிலேயே இருக்கும் இரண்டைச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். சந்தியா, மெஷின் இதைக் கேட்காது. நீ கேள்.

கலைவாணி ஐந்து முறை பாலக்கோட்டுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டாள். கோவிந்தன் ஒவ்வொரு முறையும் மண்டி வேலையை முடித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிடுவான். மாத்திரை எலுமிச்சைத் தண்ணீருக்கு மாறியது. மாதம்மாள் தினமும் காலையில் களி, ஒரு நாள் கீரை, ஒரு நாள் மொச்சை, தவறாமல் முட்டை என்று வரிசை கட்டிவிட்டார். எட்டு புள்ளி ஐந்து. ஒன்பது புள்ளி ஆறு. கடைசி முறை பத்து புள்ளி மூன்று. அன்றைக்கும் நான் மூன்று முறை பார்த்தேன். “என்ன சார், மறுபடியும் மெஷின் சரியில்லயா?” என்றார் மாதம்மாள். “இல்லீங்க, நம்பர் நல்லா இருக்குதுங்க. இன்னொரு தடவ பாக்கலாம்னு” என்றேன். மூக்கைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

பிரசவத்துக்குத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய அவசியம் வரவில்லை. எங்கள் பிரசவ அறையிலேயே, ஒரு புதன்கிழமை மத்தியானம், பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. டாக்டர்தான் பார்த்தார். வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்று, “ரத்தம் ஏத்த வேண்டி வரல, செல்வம்” என்றார். பிறகு என் லேபுக்குள் வந்து உட்கார்ந்து, மாதம்மாள் அன்று கொண்டுவந்திருந்த போசியைத் திறந்து சாப்பிட்டார். களியை மெல்லாமல் விழுங்கினார்.

கோவிந்தன் வாசலில் நின்றான். அவனிடம் நான் பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “என் படத்தால உங்களுக்கு எவ்வளவு செலவாச்சு, கோவிந்தன்?”

“விடுங்க சார். புள்ள பொறந்த நாள்ல.”

“சொல்லுங்க.”

மண்டியில் தூக்கிய பெட்டிக்குத் தினமும் கணக்குச் சொல்கிறவன். யோசிக்கவே இல்லை. பழம், பாதாம், பிரட்டு எல்லாம் சேர்த்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. கோழிகளை முந்நூற்றைம்பதுக்கு விற்றுவிட்டு, முட்டைக்காக மறுபடியும் ஐந்நூறுக்கு வாங்கியதில் கோழிக்கு நூற்றைம்பது நட்டம், ஆறுக்குத் தொள்ளாயிரம். மொத்தம் ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பது.

அந்த மாதச் சம்பளக் கவரை எடுத்து நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். உள்ளே இருந்து மாதம்மாள் எட்டிப் பார்த்தார்.

“என்ன சார் அது? காசா? எடுத்து உள்ள வெய்யுங்க. புள்ளயப் பாக்க வந்தா கையில ஒரு நூறு ரூவா வெச்சுட்டுப் போங்க, போதும். தப்புன்னு வூடு தேடி வந்து சொன்னீங்க. எத்தினி சாரு வருவாங்க?”

கழுவித் துடைத்த கையோடு உள்ளே போனேன். குழந்தையின் விரல்களைப் பிரித்து ஒரு நூறு ரூபாயை வைத்தேன். அது இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அந்த நூறு போக, அவர்களுக்கு ஆன செலவு ஐயாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.